பூஜ்யம் புகார்

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு வேலை ஓடலைன்னு சொல்லிட்டுப் போயேன்!"

மீட்டிங் ரூமில் ஏழு பேர் பார்க்க மேனேஜர் இப்படிக் கேட்டார். திட்டு வாங்கியவள் அசரவில்லை. குழுவில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். வைத்தவரும் மேனேஜர்தான்.

அவர்கள் தயாரிக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் புரோகிராம்கள் இரண்டு ஃபோல்டர்களில் சிதறிக் கிடந்தன. புதிய பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். யோசனை யாரோ ஒரு புத்திசாலியுடையது. அவசரம் மட்டும்தான் மேனேஜருடையது.

"மாத்த வேணாம்னு சொல்லலை, சார். மெதுவா மாத்துவோம். ரெண்டு ஃபோல்டரும் ஒண்ணாயிடுச்சுன்னு, புரோகிராமை ஏத்தற இன்ஸ்டாலருக்குத் தெரியாது. பழைய இடத்தைச் சுத்தம் பண்றேன்னு புது இடத்துல இருக்கறதையும் சேர்த்து அழிச்சிடும். சில புரோகிராம் சுவடே இல்லாம போயிடும்."

"எது போகும்? பேர் சொல்லு."

"ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்க ரெண்டு மாசம் வேணும்."

"ரெண்டு மாசமா? ரிலீஸ் தேதியை ஊருக்கே சொல்லியாச்சு, தாயே!"

வாக்குவாதம் கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. நாற்பது வாடிக்கையாளர்களுக்குப் புதிய பதிப்பை முன்கூட்டியே கொடுப்பது. பத்து நாளில் ஒரே ஒரு புகார் வந்தாலும் ரிலீஸ் தள்ளிப் போகும். வராவிட்டால் அவள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் படித்துவிட்டுக் குழுவை விட்டு விலக வேண்டும்.

"ஆனா ஒண்ணு. போன்ல புலம்பறதை எல்லாம் எவனும் காதுல வாங்கக் கூடாது. அதுக்குத்தான் சிஸ்டத்துலயே புகார் பட்டன் வெச்சிருக்கோம். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் மேனேஜர்.

பத்தாம் நாள் வந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் புகார்களின் எண்ணிக்கை பூஜ்யம். மேனேஜர் அந்தப் பூஜ்யத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தன.

அவருடைய போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கட் செய்தார்.

"எங்க மாமனார். நாற்பது பேர்ல அவரும் ஒருத்தர். பத்து நாளா விடாம அடிக்கறார். பாராட்டறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பத்து நாள்ல ஒரு புகார்கூட வராத பதிப்பை நான் பார்த்ததே இல்லை, சார்," என்றாள் கட்டெறும்பு.

"இப்பப் பாரு. கண்ணாரப் பாரு. பார்த்துட்டுக் கடிதத்தைப் படி. நாளைக்கு ரிலீஸ், எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

அவள் எழுந்தாள். ஆறு வருடம் உழைத்த குழு. கடிதத்தைப் பிரித்தாள். நேற்றுவரை கேன்டீனில் "நீ சொல்றதுதான் சரி" என்று தலையாட்டிய ஏழு பேரும் இப்போது தரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என் அறியாமையால் நான் கிளப்பிய..." என்று ஆரம்பித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. கக்கத்தில் லேப்டாப்போடு மூச்சு வாங்க நின்றார் மாமனார். அவருக்குப் பின்னால் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு லேப்டாப்.

"வாங்க மாமா! பாராட்ட நேர்லயே வந்துட்டீங்களா? கூட்டத்தோட வேற!"

"பாராட்டா? பிரிண்டர் ஓடலை, பாதி புரோகிராமைக் காணோம். போன் பண்ணா நீங்க கட் பண்றீங்க. ஆபீஸ்ல கேட்டா, 'புகார் பட்டனை அமுக்குங்க'ன்னு சொல்லிப் போனை வெச்சிடறாங்க."

லேப்டாப்பை மேஜைமேல் பொத்தென்று வைத்தார் மாமனார்.

"முதல் நாளே காணாமப் போனது அந்தப் புகார் பட்டன்தான், மாப்பிள்ளை!"