பாஸ்கோவின் வியாழக்கிழமை

உலகத்தைச் சுற்றி வரக் கப்பலேறிய கேப்டன் பாஸ்கோ, கடிதத்தில் எழுதியபடியே நான்கு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் ஃபால்மத் துறைமுக ஊரில் வீடு திரும்பினார். மனைவி தாமசின் அவரை வாவென்றுகூடச் சொல்லவில்லை.

"மக காய்ச்சல்ல கிடந்தப்போ எங்கய்யா போன? பேரில்லாத தீவுக்கெல்லாம் பேர் வைக்கவா? இங்க பேர் வச்ச பிள்ளைய நான் ஒருத்தியா நின்னு மண்ணுல வச்சேன்!"

அவர் அடுப்போரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். காலணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையிலும் அவள் விடவில்லை. தொண்டை கட்டும்வரை திட்டித் தீர்த்தாள்.

அன்று மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், வாசலில் பாஸ்கோ. வெயிலில் கறுத்த முகம், கையில் கப்பலின் நாட்குறிப்பு. துறைமுகத்தில் அவருடைய கப்பல் அப்போதுதான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"சொன்ன மாதிரியே வியாழக்கிழமை வந்துட்டேன் பாத்தியா!"

"இன்னிக்கு வெள்ளி."

நாட்குறிப்பைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "மேற்காலயே போய் உலகத்தைச் சுத்தி வந்தா கணக்குல ஒரு நாள் விட்டுப்போயிடும். எல்லாக் கப்பலுக்கும் நடக்கிறதுதான்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஈரக் காலணிகள் மெல்ல நடந்து வந்து தாமசினின் பின்னால் நின்றன. அவள் தோளுக்கு மேலாகத் தன் முகத்தையே பார்த்த பாஸ்கோவின் சிரிப்பு நின்றுபோனது.

"பிள்ளையப் புதைச்சப்போ நீ இல்ல," என்றாள் தாமசின். "அதுக்காக நான் கத்தினப்பவும் நீ இல்ல. நேத்தே வந்தவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.