மெழுகுவத்திக் கூட்டம்

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே தினமும் மெழுகுவத்திக் கூட்டம். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோரஸ் வின்ஸ்லோ பிழைத்தெழ வேண்டுமென்று பிரார்த்தனை.

"என் மேல எவ்வளவு பாசம் பாரு, கோரா."

மகள் சூப்பை ஊட்டியபடி சொன்னாள்: "உங்களது ஆயுசு முழுக்க இருக்கிற பதவிப்பா. இப்ப இருக்கிற ஜனாதிபதி இவங்களுக்கு எதிர்க்கட்சி. நீங்க போயிட்டா, அந்த நாற்காலியில அவரு ஆளை உட்கார வச்சுடுவாரே."

"நான் கட்சி பார்த்துத் தீர்ப்பு சொன்னதில்லை."

"நீங்க பார்க்கலை. அவங்க பார்க்கிறாங்க."

தேர்தல் வந்தது. வின்ஸ்லோவை நியமித்த கட்சியே ஜெயித்தது. புது ஜனாதிபதி பதவியேற்ற அன்று கீழே ஈ காக்கா இல்லை. அந்தக் கூட்டத்தார் அனுப்பிய பெரிய கேக் ஒன்று மட்டும் வந்தது. மேலே, 'ஓய்வுக்கால வாழ்த்துகள்' என்று கிரீமில் எழுதியிருந்தது.

"ராஜினாமா பண்றதா நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார் கிழவர்.

கோரா கேக்கை மூடி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் மாலை ஜன்னலில் மறுபடி வெளிச்சம் ஆடியது. கிழவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, வந்துட்டாங்க."

கோரா எட்டிப் பார்த்தாள்.

"இவங்க வேறப்பா. போன வருஷம் உங்க கொடும்பாவியைக் கொளுத்தினவங்க."

"அவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"பிரார்த்தனைதான். அடுத்த தேர்தல்ல அவங்க ஆளு ஜெயிக்கிற வரைக்கும் நீங்க சாகக் கூடாதாம்."