தாளுக்குள் அடங்கியது

"முதல் மாசம் உள்ளங்கை அகலம். இப்போ பாருங்க, சட்டைப் பொத்தான் சைஸ்!"

தோல் வெண்புள்ளிக்கு மூலிகை மாத்திரை விற்கும் கம்பெனியின் மேலாளர், வாடிக்கையாளர் கூட்டத்தில், டிரேசிங் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பன்னிரண்டு தாள்கள். பென்சில் வட்டம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. கூடம் கைதட்டியது.

முன்வரிசையில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த தையல்காரி நிமிரவில்லை. வரைந்தவள் அவள்தான். முன்கையில் தாளை வைத்து, வெளுப்பின் ஓரத்தை வரைந்து, மாதம் ஒன்று தபாலில் அனுப்ப வேண்டும் என்பது கம்பெனியின் விதி. வெளுப்பு முதல் மாதமே தாளை மீறிப் போயிருந்தது. தாளுக்குள் அடங்கியதை வரைந்து அனுப்பினாள்.

காலையில் பச்சை மாத்திரை, இரவில் மஞ்சள் வைட்டமின். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. தாள் போய்ச் சேர்ந்ததும் போன் வரும்: "சூப்பர்மா, குறையுது!" கையைக் காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்றாவது கேட்பார்கள் என்றுதான் வந்தாள். பூங்கொத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். பார்க்காமலே புகழ்கிற இவர்கள் மேல் வந்த இளக்காரத்தில், ஒரு வருஷம் வாய் மூடி விழுங்கிய தனக்கும் பாதி உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலிப் பெண் தன் பத்து வயது மகளோடு எழுந்தாள். "சார், டாக்டர் குடுத்த ஆயின்மென்ட் ஆறு மாசமா போடறோம். இவ கழுத்துல இப்பத்தான் புள்ளிப் புள்ளியா நிறம் திரும்புது. அத நிறுத்திடலாமா?"

"ஆறு மாசத்துக்கு நாலு புள்ளியா? தூக்கிப் போடுங்கம்மா அத! சாட்சி உங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்க."

தாய் தையல்காரி பக்கம் குனிந்தாள். "நிஜமாவாக்கா? உங்கள நம்பித்தான் நிறுத்தப் போறேன்."

சிறுமி கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, தையல்காரியின் சட்டைக்கையையே பார்த்தாள்.

அந்தச் சட்டைக்கை அவளே இறுக்கிப் பிடித்துத் தைத்தது. மணிக்கட்டில் மூன்று கொக்கிகள். மூன்றையும் கழற்றி, முழங்கைவரை சுருட்டி, கையைத் தூக்கினாள்.

முன்கை முழுக்கச் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

மேலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "என்னம்மா இது? நீங்க அனுப்பின தாள்ல சுருங்கிக்கிட்டேதானே வந்துச்சு?"

வெளுப்பின் நடுவே பொத்தான் அளவில் நின்ற பழுப்புப் பொட்டின் மேல் அவள் விரலை வைத்தாள்.

"சுருங்கினது என் சொந்த நிறம் சார்."