இரண்டாவது அழுகை

குறும்படம் எடுக்கச் சற்குணம் சேர்த்திருந்த காசுக்குப் பழைய வீடியோ கேமராதான் கிடைக்கும். பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் மூன்றாவதாக ஒன்றைக் கையில் வாங்கியபோதே அவனுக்குக் குமட்டியது. கைப்பட்டையில் எவனுடைய வியர்வையோ பிசுபிசுத்தது. "தெளிவப் பாருங்க தம்பி" என்று கடைக்காரர் உள்ளே கிடந்த பழைய பதிவை ஓட்டிக் காட்டினார். அது ஒரு சாவு வீடு. ஐஸ் பெட்டிக்குள் ஒரு பையன் கிடந்தான். கண்ணாடிமேல் ஈ ஊர்ந்தது. "இருட்டு ரூம்லயும் ஈயோட றெக்கை தெரியுது பாத்தீங்களா?" தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். "முகம் மறையுதும்மா, இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவ அழுங்க" என்றது படம் எடுத்தவனின் குரல். அவள் மூக்கைத் துடைத்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து மறுபடியும் அழுதாள். "சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா! நிறுத்துங்க" என்று கத்தினான் சற்குணம். "கோவப்படாதீங்க, எல்லாத்தையும் அழிச்சுத்தான் தருவேன்" என்றார் கடைக்காரர். அவன் வாசல்வரை போனான். அவன் கதையின் கடைசிக் காட்சியில் ஒரு தாய் மகனின் பிணத்தருகே அழ வேண்டும். நடிக்க வந்த நான்கு பெண்கள் அழுது காட்டியும் ஒன்றும் தேறவில்லை. திரும்பி வந்தான். "மொத அழுகைய அழிச்சுருங்க. ரெண்டாவது இருக்கட்டும்." கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்து, சற்று முன் அவன் பிடித்திருந்த கைப்பட்டையை அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.