மின்தடைப் பட்டியல்

ஒன்பதே காலுக்கு மூன்று சத்தம் கேட்டது.

புகார்ப் பிரிவில் இருந்த நான்கு பேரும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

வழக்கமாக இரண்டு நிமிடத்துக்குள் அடித்துவிடும். குண்டு விழுந்த புழுதி அடங்குவதற்குள் யாராவது கூப்பிட்டு, கரண்ட் போச்சு என்பார்கள். எழுத்தர் தெருப் பெயரைக் கேட்டு, நேரத்தைப் போட்டு, மின்சார அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுவாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சண்டை தொடங்கிய இந்த மூன்று வாரத்தில் ஒரு நாளும் அவள் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஊர்க்காரர்களுக்கு அவள் பெயரே கரண்ட் அக்கா என்றாகிவிட்டது. அந்த வேகத்துக்காக மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

எதிரியும் ஒன்று அனுப்பியிருக்கலாம் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்று மதியம் வந்த ராணுவ அதிகாரிக்கு அவள் தம்பி வயதுதான் இருக்கும். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதுபோல் நின்றுகொண்டே பேசினார்.

யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கு உளவாளி தேவைப்படவில்லை, உங்கள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு சுடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

குறி, நீரேற்று நிலையம். அது போனால் ஊருக்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒரு குண்டு போடுகிறார்கள். எந்தத் தெருவில் கரண்ட் போனது என்று பார்க்கிறார்கள். தூரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். முதல் வாரம் நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே விழுந்தது. பிறகு முந்நூறு மீட்டர். நேற்றுக் காலை நூறு.

அவள் கணவன் அந்த நிலையத்தில்தான் மோட்டார் ஓட்டுகிறான். மாற்று ஆள் வராமல் பத்து நாளாக அங்கேயே படுக்கை.

பக்கத்தை மூடினால் சந்தேகம் வந்துவிடும் என்றார் அதிகாரி. அடுத்த குண்டு எங்கே விழுந்தாலும், நிலையத்தைத் தாண்டி விழுந்ததாக எழுத வேண்டும். எதிரி அதை நம்பித் தூரத்தைக் குறைப்பான். அதற்கடுத்தது நிலையத்துக்கு வெகு முன்னால், மூடிக் கிடக்கும் பழைய மில்லுக்குள் விழும்.

வரைபடத்தில் மில்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் ஒன்று கேட்டார்.

"இங்க யாராவது இருக்காங்களாம்மா? எங்க படத்துல காலியாத்தான் காட்டுது."

அவள் இணைப்புப் பதிவேட்டை எடுத்தாள். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள்.

"அங்க கனெக்‌ஷனே இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டு வரைபடத்தை மடித்தார்.

நேற்று மாலைக் குண்டு நிலையத்தின் மதிலை ஒட்டி விழுந்தது. அவள் அரைக் கிலோமீட்டர் அப்பால் இருக்கும் ஒரு தெருவின் பெயரை எழுதினாள். வெறும் எழுத்து போதாது. கரண்ட் இருக்கிறதே என்று அந்தத் தெருக்காரர்களே அதே பக்கத்தில் எழுதிவிடுவார்கள். அதனால் சத்தமே இல்லாமல் கம்பம் ஏறுகிற லைன்மேன், பூனை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தான். அங்கிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, குண்டே விழாத தெருவிலும் கரண்டை எடுக்க உங்களால்தான் முடியும் என்று வாழ்த்தினார். நல்லவேளை, அவர் எழுதுகிற ஆள் இல்லை. வாயாலேயே திட்டித் தீர்த்துக்கொண்டார்.

இப்போது மணி ஒன்பது இருபத்தைந்து.

தொலைபேசி அடிக்கவில்லை.

பூனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, புகை மில் பக்கம்தான் என்றான். இளநிலைப் பொறியாளர் மூன்று வாரத்தில் முதன்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பார்கள், இல்லையா அக்கா என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

கைபேசி அதிர்ந்தது. கணவன். தூக்கக் கலக்கமான குரல்.

"இன்னிக்கு நம்ம பக்கம் ஒண்ணுமே விழல. மாத்து ஆளும் வந்துட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறேன்."

சரி என்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அசதிதான் வந்தது. மேசைமேல் தலையைச் சாய்த்தால் இரண்டு நாள் தூங்கிவிடலாம் போலிருந்தது.

முழங்காலில் இரண்டாவது இழுப்பறை இடித்தது.

அதற்குள் ஒரு விண்ணப்பம் இருந்தது. குண்டு விழுந்த தெருக்களிலிருந்து வெளியேறி மில்லின் கிடங்கில் தங்கியிருக்கும் நாற்பத்தொரு குடும்பங்கள், தற்காலிக இணைப்புக் கேட்டுக் கொடுத்தது. நான்கு பக்கத்துக்குக் கையெழுத்தும் கைநாட்டும். கட்டட உரிமைச் சான்று இணைக்கப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதி, போன திங்கட்கிழமை அவள்தான் அதை நிறுத்தி வைத்தாள்.

கரண்டே இல்லாதவர்கள் எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

நேற்று, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதும் இருக்கவில்லை.