சத்தம் போடாத மிஷின்

“அண்ணாச்சி, இன்னிக்குத் தேதி இருபதுல்லா? நீங்க முப்பது வரைக்கும் டிக் போட்டிருக்கீயளே.”

ஏழாம் நம்பர் மிஷினின் தினசரி செக் ஷீட்டை நீட்டியபடி வேல்விழி பணிவாகத்தான் கேட்டாள்.

மெயின்டனன்ஸ் கண்ணப்பன் டீ கிளாஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நல்ல மிஷின்மா அது. முப்பதாந்தேதியும் நல்லாத்தான் ஓடும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்த முடியாது. லைன் லீடர் அவள்தான் என்றாலும், பிள்ளைப்பாக்கத்தில் அவள் குடியிருப்பது கண்ணப்பன் வீட்டு மாடியில். முறைத்துக்கொண்டால் ரூமைக் காலி செய்ய வேண்டும். சும்மா இருந்தால், இந்த டிக்கெல்லாம் இன்று வரும் ஆடிட்டர் கண்ணில் பட்டு வேலையே போய்விடும். ஷீட்டின் அடியில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

“உங்க அனுபவத்துக்குப் பாக்கவே வேண்டாம் அண்ணாச்சி. இருந்தாலும் ஒருக்கா அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன். ஆயில், சத்தம், சூடுன்னு நேர்ல பாத்துட்டா எனக்கும் நிம்மதி.”

“இன்னா, என் மேல டவுட்டா?”

“சேச்சே. டீ குடிச்சிட்டு நாலு எட்டு நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுதேன்.”

முனகிக்கொண்டே எழுந்து போனார். வேல்விழி ஊர்ச் சுடலைமாடசாமியை வேண்டிக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் விசிலடித்தபடி திரும்பி வந்தார்.

“பாத்துட்டேன்மா. ஒரு சொட்டு ஆயில் ஒழுவல. சத்தமே இல்ல. தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு கீது.”

“தொட்டுப் பாத்தீயளா?”

“பின்ன?”

இதற்கு மேல் நாசூக்காக எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஆடிட்டரும் வந்துவிட்டார். ஏசி அறையில் உட்கார்ந்து ஷீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“முப்பதாம் தேதி வரைக்கும் ஒரு ரிப்பேர்கூட இல்லையா? பிரமாதம்மா.”

‘நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘சிறந்த பராமரிப்பு’ என்ற பச்சை ஸ்டிக்கரையும் எடுத்துக் கொடுத்தார்.

“மிஷின்லயே ஒட்டிடுங்க.”

வேல்விழி ஸ்டிக்கரோடு ஏழாம் நம்பர் எதிரே போய் நின்றாள். தரையில் நாலு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மிஷின் மூன்றாம் தேதியே ரிப்பேருக்காக லாரி ஏறிக் கோயம்புத்தூர் போயிருந்தது.