நாற்பதடி தள்ளி

“கயித்த இழுக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்லுற, அண்ணன்? நீங்க இழுக்க இழுக்கத்தான் அதுக்கு வெறி ஏறுது!”

கிணற்றடியில் நின்று இலட்சுமிப்பிள்ளை கத்தினாள். நாற்பதடிக்கு அப்பால் கனகசிங்கம் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி வியர்த்துப்போய் நின்றார். கயிற்றின் மறுமுனையில் அவருடைய செந்நிற நாய் ராசா. தண்ணீர்த் தாங்கியின் கீழே படுத்திருந்த மூன்று நாய்களைப் பார்த்து அது துள்ளித் துள்ளிக் குரைத்தது.

“இழுக்காம விட்டா அதுகளக் கடிச்சிப்போடுமே, தங்கச்சி!”

“அப்ப அதுகள் தெரியாத தூரத்துக்குத் திரும்பிப் போங்க. முதல்ல போங்க!”

சுனாமி வந்து ஏழு மாதம். குருக்கள்மடத்துத் தகரக் கொட்டில் முகாமில் எழுபது குடும்பங்கள். கொட்டில்களுக்கு நடுவே ஓடும் ஒழுங்கைகளில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு நாய்கள். எந்த நாயைக் கண்டாலும் ராசா பாய்ந்தது. அதன் ஒரு காது கிழிந்திருந்தது. கடல் வந்துபோன நாள்களில் பட்டினி கிடந்த நாய்கள் கூட்டமாய் விழுந்து கடித்திருக்க வேண்டும்.

சில நாள்களுக்கு முன் முகாம் குழுத் தலைவர் ஹெக்டர் மாஸ்டர் வந்து சொல்லியிருந்தார். “இன்னொரு சண்டை வந்தா வாவிக்கு அங்கால கொண்டுபோய் விட்டிருவம், கனகசிங்கம். குறை நினைக்காதீங்க.”

கனகசிங்கம் அன்று சாப்பிடவில்லை. மனைவியையும் மூன்று மகள்மாரையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். ஐந்தாம் நாள் கரையில் அவர்களைத் தேடி நடந்தபோது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நாய் இது. அதற்குச் சோறு போடவேண்டுமே என்றுதான் அவர் மறுபடி அடுப்பு மூட்டினார்.

மறுநாள் காலையில் தொடங்கியது இலட்சுமிப்பிள்ளையின் அதிகாரம்.

அவள் வேறு கரையோர ஊர்க்காரி. இந்த முகாமுக்கு வந்து ஒரு மாதம்தான். கணவனும் பிள்ளைகளும் சித்தாண்டியில் மாமியார் வீட்டில். புது வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபடக்கூடாது என்று இவள் மட்டும் இங்கே தங்கியிருந்தாள்.

நாய் என்றாலே அவளுக்கு ஆகாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிட்டவே வரமாட்டாள். ராசாவும் அவளைக் கண்டால் முனகிக்கொண்டு கயிறு அறுகிற மாதிரி இழுக்கும். உடனே கொட்டிலுக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

“உங்களையும் கடிக்கத்தான் பாக்குது, தங்கச்சி. கோவிக்காதீங்க.”

“ஓம், பொல்லாத நாய்,” என்பாள் உள்ளிருந்து.

ஆனால் காலையும் மாலையும் கத்துவதை மட்டும் விடவில்லை.

“ஒழுங்கைக்குள்ளால வராதீங்க. பின் வேலியோட போங்க. காது விறைக்குதா? அதுக்கு மேல ஒரு அடியும் வைக்காதீங்க. அது திரும்பி உங்களப் பாத்த உடன தின்னக் குடுங்க.”

“கருவாடு குடுத்தன். மணந்தும் பாக்குதில்ல.”

“அவிச்ச மரவள்ளிக் கிழங்கு குடுங்க.”

“எந்த நாய் தங்கச்சி மரவள்ளி தின்னும்?”

“குடுத்துப் பாருங்களன்!”

தின்றது.

ஒருநாள் பக்கத்துக் கொட்டில் சுஜீவனின் கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நேரே ராசாவிடம் ஓடிவந்தது. “எங்கட நாய் ஒண்டும் செய்யா, அண்ணன். வெளாடத்தான் வருது!” என்று சிரித்தான் சுஜீவன்.

“உன்ட நாய் ஒண்டும் செய்யா, தம்பி. மற்றது பயத்தில செய்யும்!” கிணற்றடியிலிருந்து சீறினாள் இலட்சுமிப்பிள்ளை. “பிடிச்சிக் கட்டு! அது கேக்கிறது கொஞ்ச இடம். அதக் குடுக்க ஏலாதா உங்களுக்கு?”

கனகசிங்கத்துக்கே அலுத்துவிட்டது. “நாய் எனக்கா, இவவுக்கா?” என்று முணுமுணுத்தார். ஆனாலும் சொன்னபடி செய்தார். மற்ற நாய்களுக்கும் ராசாவுக்கும் இடையில் நாற்பதடியாக இருந்த தூரம் முப்பதாகி, இருபதாகி, பதினைந்தானது. இலட்சுமிப்பிள்ளை மட்டும் நாற்பதடியிலேயே நின்றாள்.

மூன்றாவது வார முடிவில் ஹெக்டர் மாஸ்டர் பார்க்க வந்தார். அதே தண்ணீர்த் தாங்கி, அதே மூன்று நாய்கள். ராசா நின்றது. அவற்றைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக் கனகசிங்கத்தின் முகத்தைப் பார்த்தது. ஒரு குரைப்புக்கூட இல்லை.

“சரி, கனகசிங்கம். நாய் உங்களோடயே நிக்கட்டும்,” என்றார் மாஸ்டர்.

“தங்கச்சி! கண்டீங்களா?” கனகசிங்கம் சந்தோஷத்தில் இரண்டு கையையும் உயர்த்தினார். கயிறு கீழே விழுந்தது.

ராசா கிணற்றடியை நோக்கிப் பறந்தது.

“ஐயோ, ஓடுங்க தங்கச்சி! கதவச் சாத்துங்க!” அலறிக்கொண்டு பின்னால் ஓடினார் கனகசிங்கம்.

இலட்சுமிப்பிள்ளை ஓடவில்லை. ராசா அவள் காலடியில் விழுந்து, வயிற்றைக் காட்டிப் புரண்டு புரண்டு முனகியது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சிரைக்க ஓடிவந்த கனகசிங்கம் அப்படியே நின்றுவிட்டார்.

“எத்தின தரம் கதவச் சாத்தினன், விளங்கல்லயா உனக்கு? போ, ஜிம்மி!” என்றாள் அவள், கண்ணீர் வழிய. “எனக்குப் புள்ளயள் மிஞ்சியிரிக்கு. அவருக்கு நீ மட்டும்தான்டா.”